நத்தம் மைதானத்தில் ஒரு மாலை

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. மேற்கே எழுந்து நிற்கும் மலையில், மரநிழலில் விளைவது ஒன்று. விளைந்ததை விலை கூறி விற்பது மற்றொன்று. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், எல்லைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடைபெறுகிறது. 2007இல் மின்னணு முறை வந்தபின் வியாபாரிகள் உரக்கக் கூவுவதில்லை. கணினித் திரையின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். ஊரில் பாதிப் பேருடைய அடுப்பு எப்படி எரியும் என்பதை அந்தத் திரையின் எண்கள் தீர்மானிக்கின்றன.

எனவே தொலைக்காட்சியில் ‘வீரர்கள் ஏலம்’ என்று சொல்லக் கேட்டபோது எங்கள் ஒன்பது வயது மகனுக்கு அதில் வியப்பேதும் தோன்றவில்லை. அவனுடைய ஐயம் நடைமுறை சார்ந்தது. “இவங்களை எத்தனை எம்எம் சல்லடையில சலிப்பாங்க?” என்று கேட்டான்.

கேள்வியில் பிழையில்லை. ஏலக்காய் எங்கள் ஊரில் சல்லடையில்தான் தன் விலையைப் பெறுகிறது. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக்காய்க்கு ஒரு விலை, அதற்குக் கீழே ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு விலை. சலித்தபின் பெண்கள் வரிசையாக அமர்ந்து வெடித்தவை, வெளுத்தவை, இலைப்பேன் தாக்கித் தழும்பேறியவை ஆகியவற்றைக் கையால் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். குழந்தைகளின் அப்பத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரிசையில் அமர்ந்திருந்தவர். பேரனின் கேள்விக்கு வீட்டில் சிரிக்காதிருந்தவர் அவர் ஒருவர்தான்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியில் எட்டு அணிகள் ஆடுகின்றன. முதல் சில ஆண்டுகள் அணிகள் முறை வைத்து வீரர்களைத் தெரிவு செய்துகொண்டன. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் அதற்கும் ஏலம் வந்தது. அவ்வாண்டு சாய் சுதர்சனை 21.6 லட்சம் ரூபாய்க்குக் கோவை அணி எடுத்தது. ஓர் இளைஞனின் பெயரைச் சொல்லி, அடிப்படை விலையைச் சொல்லி, எதிரே அமர்ந்திருப்பவர்களின் கை உயர்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கிவிடுகிற காட்சி. விளங்காமற்போவது அதற்கு முந்தைய பகுதி. தொலைக்காட்சி காட்டாமல் விடுகிற பகுதியும் அதுவே.

*

நாங்கள் குடும்பத்தோடு நத்தத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனதற்குக் காரணம் எங்கள் மூத்தவள். பதின்மூன்று வயது. வேகப்பந்து வீசுவாள். தேனியில் பயிற்சி தரும் ஒருவர் பள்ளிகளுக்கிடையிலான ஆட்டத்தில் அவளைப் பார்த்துவிட்டு, வாரம் நான்கு நாள் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். தேனி பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வாரம் நான்கு நாள், விடியற்காலையில், ஒரு பெண் குழந்தை, பேருந்தில், எட்டாம் வகுப்புப் பாடங்களோடு என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பதினைந்து கிலோமீட்டர் நீண்டுகொண்டே போனது. உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி “அந்த மதுரைப் புள்ளையப் பாருங்க” என்றது. 2024 டிசம்பரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில், மதுரையைச் சேர்ந்த பதினாறு வயது கமலினியை மும்பை அணி 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. மறு கட்சி “கோடியில ஒருத்தி” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. இரு தரப்பாரும் பேசியது விலையைப் பற்றியே. அவள் விரும்புவது என்ன, அது எப்படிப்பட்ட வேலை என்பதை எவரும் பேசவில்லை.

அவள் ஆடக் கற்ற இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். போடிமெட்டுக்கு மேலே, பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் கடந்தபின் வரும் ஏலமலைச் சரிவில் எங்களுக்குச் சிறு தோட்டம் ஒன்று உண்டு. ஏலத்துக்கு நிழல் வேண்டுமாதலால் தோட்டத்துக்குள் திறந்த வெளி கிடையாது. காய் உலர்த்தும் கூடத்தின் முன்னால் சற்றே அகன்ற ஒரு சரிவு மட்டும் உண்டு. விடுமுறை நாள்களில் குழந்தைகள் ஆடுவது அங்கேதான். மட்டையாளர் மேட்டில் நிற்பார். அவருக்குப் பின்னால் உள்ள மண்திட்டில் கரியால் கிழித்த மூன்று கோடுகளே விக்கெட். பந்துவீச்சாளர் கீழிருந்து மேலே ஓடிவந்து வீச வேண்டும். அடிபடாத பந்து திட்டில் மோதித் தானாகவே உருண்டு வந்துவிடும். தூக்கி அடித்தால் அது பள்ளத்தில் விழும்; அடித்தவர் ஆட்டமிழப்பதோடு, இறங்கிப்போய்ப் பந்தைத் தேடியெடுத்தும் வர வேண்டும். இந்தச் சட்டத்தால் மட்டையாளர்கள் அடக்கத்தையும் பந்துவீச்சாளர்கள் கால் வலுவையும் பெற்றார்கள். லண்டனின் லார்ட்ஸ் மைதானத்திலேயே ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இரண்டரை மீட்டர் அளவுக்குச் சரிவு உண்டென்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் மகன் தன் சரிவைப் பற்றிச் சற்று மரியாதையுடன் பேசிவருகிறான்.

ஆட்டத்தை அவர்கள் அறிந்த வழிகள் இரண்டு: இந்தச் சரிவு, அப்புறம் தொலைக்காட்சி. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. தீர்மானம் எதுவானாலும், அதற்கு முன்பு ஒருமுறை இதைத் தொழிலாகச் செய்பவர்களை அவள் நேரில் பார்க்கட்டும் என்று நினைத்தோம்.

*

2025 பருவத்தின் ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி என்று சுற்றிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு நத்தம் வந்து சேர்ந்தன. அங்குள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம்தான் திண்டுக்கல் அணியின் சொந்தக் களம். மதுரை வரை ரயிலில் போகலாம் என்றான் மகன். 2010இன் இறுதியில் மீட்டர்கேஜ் பாதை மூடப்பட்டபின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ரயிலே காணாதிருந்து, 2023 ஜூன் 15 அன்றுதான் எங்கள் ஊர் அதைத் திரும்பப் பெற்றது. குழந்தைகளுக்கு அந்த மோகம் இன்னும் தணியவில்லை. ஆயினும் இரவு ஆட்டம் முடிந்து திரும்ப ரயில் கிடையாது. அண்டை வீட்டார் இருவரையும் சேர்த்துக்கொண்டு வேன் ஒன்றை அமர்த்தினோம். அப்பத்தாவும் கிளம்பினார். எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டதற்கு, “புள்ளைய எங்க அனுப்பப் போறீங்கன்னு நானும் பாக்கணும்ல” என்றார்.

தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் வழியாகப் பாதை. வத்தலக்குண்டைக் கடக்கையில் அங்கே வளர்ந்த சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொண்டோம். விளையாட்டை மையமாக வைத்துத் தமிழில் எழுதப்பட்ட உரைநடையில் ‘வாடிவாசல்’ குறுநாவலுக்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம். அதைத் திரும்பப் படிக்கும் எவரும் கவனிக்கக்கூடிய ஒன்று, பிச்சி காளையின் மேல் பாய்வது சில கணங்கள்தான் என்பது. மீதமுள்ள பக்கங்களை நிரப்புவது காத்திருப்பு: கிழவனோடு பேச்சு, அடுத்து வரும் மாட்டைக் குறித்த கணிப்பு, கூட்டத்தின் நெரிசல். பாய்ச்சலுக்கு எடை கொடுப்பது அந்தக் காத்திருப்பே. தொலைக்காட்சி கிரிக்கெட்டிலிருந்து முதலில் வெட்டியெறிவதும் அதைத்தான்.

ஏழே கால் மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். சேப்பாக்கத்தைப் போன்ற வானளாவிய மாடங்கள் அங்கே இல்லை. நத்தத்தைச் சூழ்ந்த குன்றுகள் மைதானத்துக்கு வெளியே தெரிந்தன. மலையடிவாரத்தில் வளர்ந்த குழந்தைகளுக்கு அது பழகிய இடம்போல் இருந்திருக்க வேண்டும். இறங்கியதும் கூச்சமின்றி முன்வரிசைக்கு ஓடினார்கள்.

மகனுக்கு முதல் அரைமணி நேரம் ஏமாற்றமாகக் கழிந்தது. எங்கே பார்ப்பதென்று அவனுக்குப் புலப்படவில்லை. வீட்டில் திரை அவனுக்காகப் பார்த்துக் கொடுக்கும். பந்தைக் காட்டும், முகத்தைக் காட்டும், நடந்ததை மூன்று கோணங்களில் திரும்பக் காட்டும். இங்கோ பசும்புல்வெளி முழுக்க ஒரே நேரத்தில் இருபது காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. களப்பணியாளர்கள் ஆடுகளத்தைப் பெருக்கினார்கள். ஒருவர் எல்லைக்கயிற்றைச் சரிசெய்தவாறே மைதானத்தை முழுச் சுற்றுச் சுற்றிவந்தார். ஒரு மூலையில் உயரப் பந்துகளைப் பிடிக்கும் பயிற்சி, மறு மூலையில் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி. “யாரை அப்பா பாக்கணும்?” என்று கேட்டான். வேண்டியவரைப் பார்க்கலாம் என்றோம். இப்படி ஒரு சுதந்திரம் இருக்கிறதென்பதை அவன் அதுவரை அறிந்ததில்லை.

மூத்தவள் தான் பார்க்க வேண்டியவரைத் தானே கண்டுபிடித்திருந்தாள். எங்களுக்கு நேரெதிரே இளம் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர், நட்டுவைத்த ஒற்றைக் குச்சியைக் குறிவைத்து வீசிக்கொண்டிருந்தார். மட்டையாளர் இல்லை, நடுவர் இல்லை. ஓடிவந்து வீசுவார், திரும்பி நடப்பார், ஷூ முனையால் மண்ணில் கிழித்த கோட்டுக்கு வந்து நிற்பார், மறுபடி ஓடிவருவார். மகள் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வரை எண்ணியதாகப் பிறகு சொன்னாள். அவற்றில் குச்சியைத் தொட்டவை ஐந்து.

ஆட்டம் தொடங்கியபோது அந்த இளைஞர் பதினொருவரில் இல்லை. மாற்றாள்களுக்குரிய மேலுடுப்பை அணிந்துகொண்டு எல்லைக்கோட்டருகே அமர்ந்திருந்தார். ஓவர் இடைவெளிகளில் தண்ணீர்ப் புட்டிகளோடு ஓடினார். ஒருவர் கையுறை கேட்க, அதை எடுத்துக்கொண்டு ஓடினார். அவ்வாண்டு திண்டுக்கல் அணியின் தலைவர் அஸ்வின். டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்து, 2024 டிசம்பரில் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் கண்கள் அனைத்தும் அவர்மேல் இருந்தன, எங்கள் கண்களும்தான். மகள் மட்டும் அவ்வப்போது தண்ணீர்ப் புட்டிக்காரரின் பக்கம் திரும்பிக்கொண்டேயிருந்தாள்.

அப்பத்தாவும் அதை கவனித்துவிட்டார்.

“அந்தப் பய நல்லாத்தான போட்டான். ஏன் உக்கார வச்சுட்டாங்க?”

“பதினோரு பேருதான் அப்பத்தா ஆட முடியும்.”

“அப்ப அவனுக்குக் கூலி?”

“ஒப்பந்தம் இருக்கும் அப்பத்தா. ஆடுனாலும் ஆடாட்டியும் உண்டு.”

அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சல்லடையில நிக்கலேங்கிறதுக்காகக் காய் மணக்காமப் போயிருமா, தாயி? அடுத்த சல்லடையில நிக்கும். ஆனா பொறுக்குறவ கண்ணு முன்னால அது கெடக்கணும்” என்றார்.

*

ஆட்டத்தின் நடுவில் சிக்ஸர் ஒன்று பறந்து எங்களுக்குச் சில வரிசைகள் தள்ளி விழுந்தது. எடுத்த இளைஞர் பந்தை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி எறிந்தார். மகனுக்கு ஆற்றாமை. நம் கைக்கு வந்ததை ஏன் கொடுக்க வேண்டும்?

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னோம். அங்கே பார்வையாளர் பகுதிக்கு வந்துவிட்ட பந்து பிடித்தவருக்கே சொந்தம். குழந்தைகள் தோல் கையுறையை மாட்டிக்கொண்டே ஆட்டம் பார்க்கப் போவார்கள். வீட்டுக்கு வந்த பந்து தலைமுறைகளாக அலமாரியில் இருக்கும். அங்கே பந்தை அடிக்கடி மாற்றிவிடுவார்கள். கிரிக்கெட்டிலோ பந்து தேய வேண்டும். தேய்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. ஓவர்தோறும் அதன் குணம் மாறுகிறது, அதற்கேற்பப் பந்துவீச்சாளரின் விரல்களும் மாறுகின்றன. ஆகவே அந்தப் பந்து திரும்பிப் போயே ஆகவேண்டும். மகன் அரைமனதாக ஒப்புக்கொண்டான்.

பேஸ்பாலிலிருந்து சொல்ல இன்னொன்றும் உண்டு. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகியாயிருந்த பிராஞ்ச் ரிக்கி, சிற்றூர்களின் கீழ்நிலை அணிகளைத் தம் அணியோடு பிணைத்து வீரர்களை வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டை 1920களில் உருவாக்கினார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பண்ணை’. பின்னாளில் 1947இல் ஜாக்கி ராபின்சனைப் பெரும் அணியில் ஆட வைத்து நிறத்தடையை உடைத்தவரும் அதே ரிக்கிதான். பண்ணை என்ற சொல் எங்களுக்குப் பொருத்தமாகப் பட்டது. தோட்டத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். போன நான்கு கிலோ வெறும் நீர்தான். ஆனால் அந்த நீரும் சேர்ந்தே சரத்தில் காய்த்தது, அதுவும் சேர்ந்தே மனிதர்களின் முதுகில் ஏறி வந்தது.

இங்கே நடராஜனை நினையாமல் இருக்க முடியவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரரான அவர் 2016இல் முதல் பருவத்தில் ஆடியது இதே திண்டுக்கல் அணிக்காக. 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடினார். ஊருக்கெல்லாம் தெரிந்த கதை இவ்வளவு. அதற்கு முன்பு, 2015இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான பிறகு, அவருடைய பந்துவீசும் முறை ஐயத்துக்குள்ளானது. போட்டிகளை விட்டு விலகி, கையின் அசைவைத் தொடக்கத்திலிருந்து திருத்திக்கொண்டு வரவேண்டியிருந்தது. எந்த ஏல அறையிலும் அந்த நாள்களைக் காட்ட முடியாது. அந்நாள்களிலும் அவருக்கு முன்னால் நட்டுவைத்த ஒரு குச்சி இருந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

விலை என்பது என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும். 2018இன் பெருவெள்ளமும் அதையடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்துவிட, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்தரக் காய் கிலோவுக்கு 7000 ரூபாய் வரை போனது. செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்கின. அவ்வாண்டும் காய் எடுக்கப் போனவர்கள் வழக்கம்போல விடியுமுன் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து மலையேறினார்கள். அவர்களது தினக்கூலி விலையைப்போலப் பன்மடங்காகிவிடவில்லை. விலை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். வேலை அன்றாடம் இருக்கும். விலையை மட்டும் பார்த்து ஏலம் பயிரிட வந்தவர்கள் இரண்டாம் ஆண்டே தோட்டத்தை விற்றுவிட்டுப் போனதைப் பலமுறை கண்டிருக்கிறோம். குழந்தைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தப் படிப்பினை எப்படி மறந்துபோகிறது என்பதுதான் புரியவில்லை.

*

ஆட்டம் முடிந்து வேன் கிளம்பப் பதினொரு மணி கடந்துவிட்டது. திண்டுக்கல் தாண்டுவதற்குள் மகன் உறங்கிப்போனான். மகள் விழித்திருந்தாள். நாங்களாக எதையும் கேட்கவில்லை. பெரியகுளம் அருகே அவளே பேசினாள்.

“அந்த அண்ணன் முப்பத்தெட்டு பந்து போட்டுட்டு, அப்புறம் ராத்திரி முழுக்கத் தண்ணி தூக்குனாரு. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கை குலுக்குனப்ப மறுபடியும் அந்தக் குச்சிகிட்டப் போனாரு. பாத்தீங்களா?”

நாங்கள் பார்க்கவில்லை. வாகனம் நிறுத்திய இடத்துக்கு விரையும் அவசரத்தில் இருந்தோம்.

“உனக்கு அப்படி இருக்க முடியுமா?” என்று கேட்டோம். ஒருநாள் அந்த மதுரைப் பெண்ணைப்போல் ஆவாயா என்று கேட்டிருக்கலாம். சுற்றத்தார் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அன்றிரவு அந்தக் கேள்வி எங்கள் வாயில் வரவில்லை.

வெகுநேரம் யோசித்துவிட்டு, “ஆடாமத் தண்ணி தூக்குறது கஷ்டமா இருக்கும். ஆனா முப்பத்தெட்டு பந்து போடலாம்” என்றாள்.

பத்தாம் வகுப்புக்குப் போகும்வரை, இரண்டு ஆண்டுகள், தேனிக்கு அனுப்புவதென்று முடிவு செய்தோம். அதன்பின் அவளையே கேட்போம். உறவினரில் ஒரு கட்சிக்கு அந்த இரண்டு ஆண்டு மிகக் குறைவு, மறு கட்சிக்கு மிக அதிகம். முதற் செலவாக ஒரு ஜோடி ஷூ வாங்கினோம். இரண்டாவது செலவு அப்பத்தாவுடையது: குச்சி ஒன்றைத் தச்சரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கி, மலைச் சரிவில் கரிக்கோடுகளுக்கு முன்னால் தாமே நட்டுவைத்துவிட்டு வந்தார்.

பயிற்சி நாள்களில் அவளை ஏற்றிவிட ஐந்தே முக்கால் மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்கிறோம். காய் எடுப்பு தொடங்கிவிட்டதால் அந்நேரத்தில் சாலை முழுக்க ஜீப்புகள். தலையில் துண்டைக் கட்டி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் போடிமெட்டை நோக்கி மேலே போகிறார்கள். தேனிப் பேருந்து கிழக்கே போகிறது. ஜீப்பிலிருப்பவர்களில் சிலருக்கு அவளைத் தெரியும். “எங்க தாயி, இந்நேரத்துக்கு?” என்று குரல் கொடுக்கிறார்கள். “வேலைக்குத்தான் அத்தை” என்கிறாள் அவள்.